‘வருமா’ வாசகர்

புத்தகம் வாங்குகிறவர், புத்தகம் படிக்கிறவர், இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர் என்று மூன்று வகை மனிதர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்காவதாக ஒரு வகை இருக்கிறது. மற்ற மூன்றையும் ஒரு தட்டில் போட்டாலும் இதன் எடைக்கு வராது. இவர்தான் ‘வருமா’ வாசகர்.

அடுத்த பாகம் எப்போது வரும், கெட்டி அட்டையில் வருமா, கிண்டிலில் வருமா, காதில் கேட்கிற மாதிரி வருமா, பெரிய எழுத்தில் வருமா, சீரியலாக வருமா என்று இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். வந்துவிட்ட புத்தகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் வந்துவிட்டதே, இனி அதில் பேச என்ன இருக்கிறது?

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் சரித்திர நாவல் எழுதுகிறவர் குடியிருக்கும் ஊரில் கொஞ்சம் செழிப்பாகவே வளரும். சமூக நாவல் ஒரே புத்தகமாக வந்து தொலைந்துவிடுகிறது. சரித்திர நாவலோ பாகம் பாகமாக வருவது. ஒரு பாகம் வந்த அன்றைக்கே அடுத்த பாகம் வராததாகிவிடும். வராதது என்று ஒன்று இருக்கிறவரை ‘வருமா’ வாசகருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் டெல்லி துவாரகாவில், ஏழாவது மாடியில் உட்கார்ந்து, சோழர் காலத்துத் துறைமுகம் ஒன்றைப் பற்றிப் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கும் தங்கத்தைக் கேளுங்கள். இதுவரை மூன்று பாகம் வந்திருக்கிறது. கதாநாயகன் கண்டன் ஓர் ஒற்றன். உப்பு வண்டி ஓட்டுகிறவனாக வேஷம் போட்டுக் கோட்டைக்குள் நுழைந்து, சாவியைத் திருடி, யாரை நம்புவது என்று தெரியாமல் அலைந்து, மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் தீப்பிடித்த கப்பலிலிருந்து கடலில் குதித்துவிட்டான். குதித்தவன் என்ன ஆனான்? தங்கத்துக்கே தெரியாது. ஒன்றரை வருஷமாக அவன் தண்ணீரில்தான் கிடக்கிறான்.

அவன் பிழைத்தானா என்று ஒருவராவது கேட்டிருப்பாரா? அவன் பிழைத்த செய்தி என்ன விலையில், எந்த அளவில் வரும் என்றுதான் கேட்டார்கள்.

இவர்களில் தலைசிறந்தவர் வெங்கடராமன் சார். ஏதோ ஒரு மத்திய அமைச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்து, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றது, கை பெறவில்லை. மாதம் தவறாமல் தங்கத்தின் வாட்ஸப்புக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். ‘பொருள்: நான்காம் பாகம். பார்வை: சென்ற மாதத்து எனது நினைவூட்டல் 5. மேற்படி நூல் தற்போது எந்த நிலையில் உள்ளது என்று தெரிவிக்கவும்.’ தங்கம் பதறிப்போய், ‘எழுதிக்கொண்டிருக்கிறேன் சார்’ என்று போடுவாள். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வரும். அடுத்த மாதம் நினைவூட்டல் 7.

ஒருமுறை மூன்று பாகத்தையும் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்க வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்றும் பதிப்பகத்திலிருந்து வந்த கண்ணாடித்தாள் உறைக்குள் அப்படியே பளபளவென்று இருந்தன. தங்கம் நகத்தால் உறையைக் கிழிக்கப் போனாள்.

“ஐயையோ, பிரிச்சுடாதீங்கோ. டெல்லி தூசி. மார்க்கர் கொண்டுவந்திருக்கேன், மேலயே போட்டுடுங்கோ.”

போட்டுக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

வெங்கடராமன் சாராவது வாங்கினார். கரோல் பாக்கில் கடை வைத்திருக்கும் ஒருவர், துவாரகாவில் மெட்ரோ ஏறினால் கடைக்குப் போய் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயம் முடிகிற மாதிரி ஆடியோ வருமா என்று கேட்டார். வந்தது. அதை ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டால் எதிரிகள் படையெடுத்து வருவது கேலியாக இருக்கிறது என்று குறை சொன்னார். ஹம்சா என்ற பெண்மணிக்கு எழுத்து பெரிதாக வேண்டும், புத்தகம் சிறிதாக வேண்டும், பக்கம் குறையவும் கூடாது. இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, “பி.டி.எஃப். ஏதாவது இருக்கா மேடம்?” என்று, எழுதினவளிடமே கேட்டார். “எல்லாப் பாகமும் வரட்டும், ஒரேயடியா உக்காந்து படிச்சிடறேன்” என்று சொல்லிப் பத்து வருஷமாக உட்காராமலே இருப்பவர்கள் தனிக் கூட்டம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிய தங்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக் கரண்டியோடு ஒரு முடிவுக்கு வந்தாள். நான்காம் பாகம் உண்டா, இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லிவிடச் சொல்லிச் சென்னையிலிருந்து பதிப்பாளர் கேட்டிருந்தார். அந்த ஞாயிறே பதினோரு மணிக்கு, குடியிருப்புச் சமூகக் கூடத்தில் வாசகர் சந்திப்பு.

“இன்னைக்கு ஒரு கேள்வி வரணும்,” என்றாள் கணவர் இராஜமாணிக்கத்திடம். “ஒண்ணே ஒண்ணு போதும். புத்தகத்துக்கு உள்ள இருந்து வரணும். வரலைன்னா நாலாம் பாகம் கிடையாது. கண்டன் முழுகிட்டான்னு சொல்லிடப் போறேன்.”

விமான நிலையத்தில் வேலை பார்க்கும் இராஜமாணிக்கம், எதற்கும் பதறாத மனிதர். “உள்ள இருந்துன்னா எப்படி?”

“ஏன் அந்தச் சாவியை அவன் எடுத்தான்னு கேக்கலாம். அந்தக் கிழவி யாருன்னு கேக்கலாம். உப்பு மூட்டை எத்தனைன்னு கேட்டாக்கூடப் போதும்.”

“பின் வரிசையில இருக்கேன். வந்தா விரலைத் தூக்கிக் காட்டறேன்.”

கூடத்தில் டேபிள் டென்னிஸ் மேஜையைச் சுவரோரம் தள்ளி, முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பொங்கலும் டீயும் ஆனபின் கேள்வி நேரம் தொடங்கியது. முதல் கை வெங்கடராமன் சாருடையது. அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மூன்று பாகங்களும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் அலமாரியில் படிக்கட்டு மாதிரித் தெரிகிறது என்பதைப் பதிவு செய்துவிட்டு, நான்காம் பாகமாவது முதல் பாகத்தின் உயரத்துக்கு வருமா என்றார். தங்கம் பின் வரிசையைப் பார்த்தாள். இராஜமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆடியோவுக்கு இந்தத் தடவை பெண் குரல் போடலாமா? போடலாம். பரிசளிக்கிற மாதிரிப் பெட்டி வருமா? பார்க்கலாம். நாலுக்குப் பிறகு ஐந்து உண்டா? மூன்றுக்குப் பிறகே நிச்சயமில்லை என்று தங்கம் நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குள் பதினேழு கேள்வி. பதினேழும் அட்டைக்கு வெளியே.

கடைசி வரிசை ஓரத்திலிருந்து ஒரு கை பாதி உயர்ந்தது. ஜெயசீலன். விமானப்படையில் கிளார்க்காக இருந்து வந்தவர், தூத்துக்குடிப் பக்கம். மடியில் ஒரு ரெக்சின் பை.

“இது இந்தி எழுத்துல வருமா மேடம்?”

கூடம் சிரித்தது. வெங்கடராமன் சார் திரும்பித் திருத்தினார். “இந்தியிலே மொழிபெயர்ப்பு வருமான்னு கேளுங்கோ.”

“மொழிபெயர்ப்பு வேண்டாம் சார். தமிழ்தான் வேணும். எழுத்து மட்டும் இந்தி. எம் மக இங்கயே பெறந்து வளந்தவ. தமிழ் நல்லாப் பேசுவா, வாசிக்கத் தெரியாது.”

அப்படி வருகிற திட்டம் இல்லை என்றாள் தங்கம். பதினெட்டு. எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்று மைக்கைக் கையில் எடுத்தாள்.

“வராதுன்னா பரவால்ல மேடம். நானே எழுதிக்கிடுதேன்.” ஜெயசீலன் இன்னும் உட்காரவில்லை. “மூணு பாகமும் எழுதியாச்சு. ஒம்பது நோட்டு. அதுல ஒரே ஒரு சந்தேகம். நம்ம கண்டன் இருக்கான்லா, அவன் கமலா க-வா, கணேசன் க-வா?”

யாருக்கும் புரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்க மேலே கோடு இழுத்த இந்தி எழுத்து. வாய்விட்டுப் படித்தால் தமிழ்.

“தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே க. பிரச்சினையே இல்ல. இந்தில கமலாவுக்கு ஒரு எழுத்து, கணேசனுக்கு வேற எழுத்து. முதப் பாகத்துல கமலா க போட்டேன். ரெண்டாம் பாகத்துல அவன் கொஞ்சம் மிடுக்கா வாரான்லா, கணேசன் க-தான் பொருத்தம்னு பட்டுச்சு, மாத்திட்டேன். மூணாவதுல கை பழக்கத்துல ரெண்டும் கலந்துபோச்சு. இப்ப எம் மக கவிதா என்ன சொல்லுதான்னா, ‘பப்பா, இவங்க ரெண்டு பேரு. இதுல யாரு துரோகி?’ங்கா.”

தங்கம் மைக்கைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு ஆளுன்னே நெனச்சு முழுசும் படிச்சிருக்கா மேடம். சாவி எடுத்தவன் ஒருத்தனாம், கெழவிக்குச் சத்தியம் பண்ணினவன் இன்னொருத்தனாம். நானும் அப்படி வச்சுத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். அதுவும் சரியாத்தான் வருது. ஒண்ணுதான் இடிக்குது. கப்பல்ல நின்னது ரெண்டு பேரு, குதிச்சது ஒருத்தன். மத்தவன் எங்கன்னு நேத்துல இருந்து என்னைப் போட்டுக் குடையுதா.”

தங்கம் தனக்குள் அந்தப் பெயரை ஒருமுறை கமலா மாதிரியும் ஒருமுறை கணேசன் மாதிரியும் சொல்லிப் பார்த்தாள். பத்து வருஷமாக எழுதிய பெயர். ஒரு நாள்கூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. கமலா மாதிரிச் சொன்னபோது ஒல்லியாக, சந்தேகப் பார்வையோடு ஒருவன் திரும்பினான். கணேசன் மாதிரிச் சொன்னபோது தோள் அகன்ற வேறொருவன்.

அதற்குள் கூடத்தில் சண்டை பிடித்துக்கொண்டது. ஹம்சா, கமலாதான் என்றார். ஒற்றன் என்றால் கண்டு சொல்கிறவன், ஆகவே கண்டன். கரோல் பாக் கடைக்காரர், ஆடியோவில் படித்தவர் கணேசன் மாதிரிதான் படித்தார் என்றார், ஒன்றரை வேகத்தில் கேட்டாலும் அது மாறாது என்றார். வெங்கடராமன் சார் எழுந்தார். கணேசன்தான், சந்தேகமே வேண்டாம், அது அந்தக் காலத்து வீரர்களின் பட்டப்பெயர் என்று ஐந்து நிமிஷம் ஆணித்தரமாக நிறுவினார். நிறுவிவிட்டு உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியின் பக்கம் சாய்ந்து, “அது சரி, கண்டன்கறது யாரு?” என்றார்.

பின் வரிசையில் இராஜமாணிக்கம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். தங்கம் அதைப் பார்க்கவே இல்லை. ஜெயசீலனின் நோட்டை வாங்கி, தனக்கு அரைகுறையாகத் தெரிந்த இந்தி எழுத்தில், தன் கதையையே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் க மேடம்?” என்றார் ஜெயசீலன். “சொன்னீங்கன்னா ரப்பர் வச்சு அழிச்சுத் திருத்திடுவேன். பென்சில்லதான் எழுதிருக்கேன்.”

“அழிக்காதீங்க அண்ணாச்சி. ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீங்க. உங்க பொண்ணுகிட்டயும் எதுவும் சொல்லாதீங்க. அது நாலாம் பாகத்துல வரும்.”

“அப்படியா? எப்ப வரும்?”

சொல்லுங்கள், இவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா?

வீட்டுக்கு நடக்கும்போது, கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டியதும் இராஜமாணிக்கம் கேட்டார், “நாளைக்குப் பதிப்பாளர்கிட்ட என்ன சொல்லப் போற?”

“எழுதறேன்னுதான்.”

“சரி. எனக்கு மட்டும் சொல்லு. எந்தக் க?”

“ரெண்டும். ஒருத்தன் குதிச்சான். ஒருத்தன் எரியற கப்பலைத் திருப்பிக்கிட்டுக் கரைக்கு வரான்.” தங்கம் வேகமாக நடந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறத் தொடங்கி, இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கி நின்று, அங்கேயிருந்து லிஃப்டைக் கூப்பிட்டாள்.

இனி உங்கள் விஷயம். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எரிகிற கப்பலோடு கரைக்கு வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று உங்கள் மனம் யோசித்துக்கொண்டிருந்தால் சந்தோஷம், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், நடுவில் எங்கேயோ, அந்த நாவலின் பெயர் என்ன, சொல்லவே இல்லையே, தெரிந்தால் போனில் தட்டிப் பார்க்கலாமே, மூன்று பாகமும் சேர்த்துக் கிடைக்குமா, அல்லது நாலாவதும் வரட்டும் என்று இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். வெங்கடராமன் சாருக்கு வலப்பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.