கூடத்தில் தொலைந்த இரண்டு விநாடிகள்

புனே,
22.1.2006

மதிப்பிற்குரிய மைத்துனர் சங்கரன் அவர்களுக்கு வாசுதேவன் வணக்கத்துடன் எழுதுவது. தளேகாவில் அனைவரும் நலம் என்றே கொள்கிறேன். இங்கு நலமா என்பதைக் கடிதத்தின் இறுதியில்தான் உறுதியாகச் சொல்ல இயலும்.

காவ்யாவுக்கு அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறைத் தேர்வு. தனி ஊசல் சோதனை அவளுக்கு வரவில்லை என்று ஆசிரியை எழுதியனுப்பியதால், முன்பு குடியிருந்தவர்கள் கூடத்தில் விட்டுப்போன ஊஞ்சல் கொக்கியில் ஒரு மீட்டர் நூலில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டேன். மின்விசிறி நின்றால்தான் காற்று அசையாது, கொசுவுக்காக அதை யாரும் நிறுத்தவிடுவதில்லை என்பதால் மின்வெட்டு நேரத்தில் மட்டுமே பயிற்சி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் கடிகாரத்தையே பார்ப்பேன். தங்கள் தங்கை மல்லிகா என் முதுகுக்குப் பின்னால் நின்று, சுவரில் ஆடும் குண்டின் நிழலை எண்ணுவாள். மூச்சு குண்டின்மீது படக்கூடாது ஆகையால் மனத்துக்குள்தான் எண்ண வேண்டும் என்பது விதி. தொடங்க அவள் 'ம்' என்பாள், காவ்யா குண்டை விடுவாள், இருபது அலைவு முடிந்தால் 'போதும்' என்பாள் மல்லிகா.

நாற்பது விநாடிகள் ஆக வேண்டும். ஒவ்வொரு மாலையும் முப்பத்தெட்டுதான் ஆயிற்று. நூலை மீண்டும் அளந்தேன், கடிகாரத்தை மாற்றினேன். மேல்மாடியில் நானே தனியாக அளந்தபோது சரியாக நாற்பது. நம் கூடத்திலும் தனியாக அளந்திருக்கலாம். அளக்கவில்லை, காரணம் கேட்க வேண்டாம். எதிர்வீட்டு வைஷாலி, அந்தக் கொக்கியில் எதையும் மாட்டாதீர்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வியாழனன்று 'போதும்' என்ற குரல் என் பிடரியை ஒட்டியே கேட்டது. அன்றும் முப்பத்தெட்டு. "அப்பா, குண்டைக் கீழேருந்து யாரோ இழுக்கிறாங்க. நான் இனிமே இதைத் தொட மாட்டேன், பரீட்சைக்கும் போகல" என்று காவ்யா அழுதுவிட்டாள். அவளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி நான் தொலைபேசியில் கேட்டது அதனால்தான்.

நேற்று உண்மை வெளிப்பட்டது. குண்டை விடும்போது பூஜ்யம் என்றே எண்ணத் தொடங்க வேண்டும் என்பது என் கட்டளை. "வெளக்கில்லாத நேரத்துல பூஜ்யம்னு யாராவது வாயெடுப்பாங்களா? அரிசி அளக்கிற மாதிரி லாபம்னுதான் ஆரம்பிச்சேன்" என்றாள் மல்லிகா.

"அதற்கப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு."

அரிசி அளக்கையில் 'லாபம்' என்பதே முதல் படி. ஊசலுக்கோ அது இன்னும் ஆடாத ஆட்டம். ஒவ்வொரு முறையும் ஓர் அலைவை, அதாவது இரண்டு விநாடியை, விழுங்கியவள் தங்கள் தங்கையே. பூஜ்யத்திலிருந்து எண்ணவைத்தேன், நாற்பது. காவ்யா சிரித்தாள், இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள், தேர்வுக்குப் போகிறேன் என்றாள். ஆகவே என் தொலைபேசி வேண்டுகோளை ரத்துசெய்யக் கோருகிறேன். இங்கு நலம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு மல்லிகாவின் அன்பு.

இப்படிக்கு,
வாசுதேவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மல்லிகா இதை வாசித்துவிட்டு, "வியாழக்கிழமை நான் எங்கங்க வீட்ல இருந்தேன்? லோஹேகாவ்ல ஸ்டெல்லா வீட்டுக்குல்ல போயிருந்தேன், கரண்ட் வந்தப்புறந்தானே வந்தேன்" என்கிறாள். காவ்யாவைக் கேட்டேன். அம்மா 'ம்' என்ற பிறகுதான் அன்றும் குண்டை விட்டாளாம். அன்று எண்ணியவரும் லாபத்தில்தான் தொடங்கியிருக்கிறார். தமிழர் என்ற அளவில் மட்டுமே என்னால் உறுதி கூற முடியும். நாளைக் காலை ரயிலில் மூவரும் தளேகாவ் வருகிறோம். காவ்யா அங்கிருந்தே லோக்கல் ரயிலில் தேர்வுக்குப் போய்வருவாள். இக்கடிதத்துக்கு முன்பாகவே நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம்.