உப்பு விஷயமாக நாத்தனாருக்கு

தையல் மிஷினே கதியென்று கிடக்கும் என் நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து போன இடுப்பைத் தவிர. உன் அண்ணன் போனதிலிருந்து நீ என் வாசலை மிதிக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். பாதியில் வைக்க உனக்கு மனசு வராது.

கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். டாக்டர் ரத்தக் கொதிப்பு என்று சொன்ன நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு நான் ஒரு கல் உப்பைக் கண்ணில் காட்டவில்லை. ராத்திரிக் காவலுக்குக் கட்டிக் கொடுத்ததை முணுமுணுக்காமல் தின்றுவிட்டு, விடிந்ததும் கேரியரைக் கழுவிக் கொண்டுவருவார். நாக்கு செத்தே போய்ச் சேர்ந்தார். என் அண்ணனுக்கு ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் நானும் அவளோடு பேசமாட்டேன்.

"போய்ட்டு வாம்மா, மனசு மாறும்"னு மகன்தான் இந்த வடநாட்டு டூர் கூட்டத்தோடு ஏற்றிவிட்டான். மனசு மாறவில்லை, பெட்டிதான் மாறிப்போனது. குளிருக்கு, கையோடு வைத்திருந்த உன் அண்ணனுடைய காவல்காரக் கோட்டு மட்டும் மிச்சம். புடவைமேல் அதை மாட்டிக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்றேனா, ஒருத்தர் காரை எங்கே நிறுத்த என்று கையால் கேட்டார். நானும் காட்டினேன்.

நேற்று மழையில் பஸ் கிளம்பவில்லை. எங்கள் கைடுக்கு நான் வைத்த பேர் மைக், தூங்கும்போதுதான் அது அவன் வாயில் இருக்காது. எல்லாரும் சேர்ந்து சைனாக்காரர்கள் பண்ணுகிற டம்ப்ளிங் பண்ணலாம் என்று எங்களை லாட்ஜ் சமையலறைக்குள் ஓட்டினான். சொல்லிக்கொடுக்க ஒரு சீனச் சமையல்காரம்மா. அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது, அடுப்படியில் என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு. மைதாவைச் சின்ன வட்டமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, ஓரத்தைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்துக் கிள்ள வேண்டும். கூட வந்த கணக்கு வாத்தியார் வட்டம் கோணுகிறதென்று டம்ளரைக் கவிழ்த்து வெட்டினார். அவர் பெண்டாட்டி, "உங்க தொப்பை மாதிரி அடைக்காதீங்க, வெடிச்சிடும்" என்றாள். பூரணம் என் பொறுப்பு. முட்டைக்கோஸை நறுக்கி உப்புப் போட்டுப் பிழியணும்னு அந்தம்மா கையால் காட்டினாள், நானும் தலையை ஆட்டிவிட்டுப் பிழிந்தேன். உப்புக் கிண்ணத்தை மட்டும் தட்டுப் போட்டு மூடித் தள்ளி வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இத்தனை வருஷம் பழகிய கை.

வெந்ததை எல்லாரும் வாயில் போட்டார்கள். எல்லாரும் தண்ணீர் டம்ளரைத் தேடினார்கள், மைக் உள்பட. வாத்தியார்தான், "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கேம்மா" என்றார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்ணைத் துடைக்கக் கர்சீப் தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். பைக்குள்ளே இன்னொரு குட்டிப் பை. அதற்குள் ஒரு பொட்டலம். பிரித்தால் உப்பு.

கண்ணு, அந்த மனுஷன் உப்புப் போட்டுத்தான் தின்றிருக்கிறார். அவரோடு சேர்ந்து பத்தியம் இருந்தவள் நான் ஒருத்திதான். அத்தனை பேர் முன்னாலும் "அடப்பாவி மனுஷா"ன்னு சிரித்தேன், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாச்சுதுன்னு தெரியலை. சமையல்காரம்மா ஓடிவந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்த உப்பை எல்லார் தட்டிலும் தூவினேன். வாத்தியார் இன்னும் ரெண்டு கேட்டு வாங்கினார்.

ஆகையால் நீ கோபத்தை விடு. உன் அண்ணன் ருசியோடுதான் போனார். ஆனால் எனக்குத் தெரியாமல் அவருக்கு உப்புக் கொடுத்து உதவிய மகராசன் யாரோ, கூடக் காவல் பார்த்தவன்தான், ஊர் வந்ததும் அவனை உண்டு இல்லை என்று பண்ணாமல் விடமாட்டேன்.

பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு. உறையை ஒட்டும்முன் அந்தக் குட்டிப் பையை ஜன்னல் வெளிச்சத்தில் வெளியே இழுத்துப் பார்த்தேன். முடிகிற இடத்தில், நீ எப்போதும் போடுகிற மாதிரி, திருப்பிப் போட்ட இரட்டைத் தையல். துணி, நான் உன்னிடம் தைக்கக் கொடுத்த பச்சை ரவிக்கையில் மிஞ்சினது. இதனாலா என் முகத்தில் முழிக்காமல் இருந்தாய்? அடி பைத்தியமே, அவரைக் கொண்டுபோனது மழையில் நனைந்து நெஞ்சில் இறங்கின காய்ச்சல். டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், உப்பு எங்கே வந்தது அதில்? உண்டு இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. ஞாயிற்றுக்கிழமை பஸ் வரும், கூட்டிப்போக நீதான் வரணும். உப்புப் போட எனக்கு இன்னும் கை வரவில்லை. என் ரவிக்கையிலும் அப்படி ஒரு பை தைத்து வை.