வெள்ளறடையில் காத்து பிடிக்கப் போனேன்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு வெள்ளைப் பேப்பரைக் கொண்டு போய், கொஞ்சம் அழுக்காக்கி, திரும்பக் கொண்டு வரணும்.

சிரிக்காதீங்க. சம்பளமே அதுக்குத்தான்.

தொண்ணூறுகள்ல, கேரளா எல்லைப் பக்கம் நெய்யாற்றின்கரையில ஒரு சின்ன ஆபீஸ் இருந்துச்சு. காத்துல எவ்வளவு தூசி, எவ்வளவு புகைன்னு அளப்பாங்க. அதைக் குறைக்க வழி சொல்லுவாங்க. பூமி சூடாகிட்டு வருது, கண்டதையும் எரிக்காதீங்கன்னு பஞ்சாயத்து பஞ்சாயத்தா வகுப்பு எடுப்பாங்க. ஊர்ல அதுக்குப் பேரு புகை ஆபீஸ். ரெண்டு வருஷமா பாறசாலையில சும்மா சுத்திக்கிட்டிருந்த எனக்கு அங்க ஒரு தற்காலிக வேலை கிடைச்சது.

வேலை ரொம்ப சுலபம். பேப்பரை எடை போட்டு மெஷின்ல மாட்டணும். மெஷின் பகல் பூரா காத்தை உறிஞ்சும். திரும்ப எடை போட்டா, கூடின எடைதான் அந்த ஊர்த் தூசி.

இந்த சுலபமான வேலையில நான் ரெண்டு தடவை சொதப்பியிருந்தேன். முதல் தடவை பேப்பரை மாட்ட மறந்துட்டேன். அடுத்த தடவை பேப்பரை ஞாபகமா மாட்டினேன், சுவிட்சைப் போட மறந்துட்டேன்.

எங்க ஆபீசர் கோபகுமார் சார் தங்கமான மனுஷர். அவருக்கே பொறுமை போயிடுச்சு.

"ஜெபராஜே, ஹைவே ஓரத்துல எடுத்தாச்சு. ஒத்துப் பாக்க சுத்தமான ஒரு இடம் வேணும். வெள்ளறடைக்குப் போ. இதும் கொளமாயெங்கில் திங்களாழ்ச்ச வரண்டா, கேட்டோ?"

இதுவும் சொதப்பினா திங்கக்கிழமை வேலைக்கு வர வேண்டாம்னு அர்த்தம். வீட்டுல நான் ஏதோ பெரிய ஆபீசர்னு சொல்லி வெச்சிருந்தேன்!

மெஷினைக் கொண்டு போக ஆபீஸ் ஜீப்பைக் கேட்டேன். ஜீப்பு ரொம்பப் புகை விடுதுன்னு ஒர்க்‌ஷாப்புல கிடக்குதாம். சரின்னு பஸ் கூரையில ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளறடை முக்குல இறக்குறதுக்கு சாயாக்கடை சுகுமாரன் அண்ணன்தான் கை கொடுத்தாரு. தகரக் கூரை வெச்ச அந்தப் பெட்டியை சுத்திச் சுத்திப் பாத்தாரு.

"எலே மக்கா, இது என்னதுலே? கோழிக்கூடா?"

"கோழிக்கூடு இல்ல அண்ணே. புகை அளக்குற மெஷினாக்கும்."

"அளந்து?"

அங்கயே வாயை மூடியிருக்கலாம். வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் என்னை பயந்து பாக்குறாரு. விட மனசு வரல.

"கூடுதல் உண்டுன்னா மேலிடத்துக்கு எழுதுவோம் அண்ணே. அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க."

அண்ணன் நேரா உள்ள போனாரு. கொதிச்சுக்கிட்டிருந்த அடுப்புல ஒரு வாளித் தண்ணியை ஊத்தினாரு!

மெஷின் வைக்க நான் பாத்து வெச்சிருந்த இடம் தங்கபாய் அக்கா வீட்டு மொட்டை மாடி. அம்மாவுக்கு சர்ச்சுல பழக்கம். அக்கா வீட்டு மரச்சீனிக் கிழங்குக்கும் நெத்திலிக் கறிக்கும் அந்தப் பக்கத்துல ஈடு கிடையாது. வீட்டுக்குப் பின்னால ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்குற கொட்டகை, புகைப்புரை, ஒண்ணு உண்டு. அந்த விஷயத்தை மட்டும் நான் சார்கிட்ட சொல்லல.

ஆட்டோவுல போய் இறங்குறேன், அக்கா இடுப்புல கை வெச்சு நிக்கிறா. நியூஸ் எனக்கு முன்னாலேயே போயிருக்கு.

"எலே ஜெபராஜே, நீ அளக்க வாறன்னு கேட்டு புகைப்புரைய அணைச்சாச்சு. ஷீட்டு பூஞ்சை பூத்துப் போனா நீ ஆக்கும் சமாதானம் சொல்லணும்!"

"ஒரு நாள்தானே அக்கா. எனக்கு வேலை நிலைக்கணும்."

"ஒனக்காண்டிதான் அணைச்சேன். வேற எவனாவது வந்தா கம்பெடுத்திருப்பேன்."

மாடியில மெஷினை வெச்சேன். பேப்பரை மாட்டினேன். மாட்டினேனான்னு ரெண்டு தடவை தொட்டுப் பாத்தேன். சுவிட்சைப் போட்டேன். போட்டேனான்னு மூணு தடவை பாத்தேன். மெஷின் உறுமுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்வளவு சந்தோஷம்.

மாடியிலேருந்து பாத்தா ஊர்ல ஒரு இடத்துலயும் புகை இல்ல. பேக்கரியில புகை இல்ல. செங்கல் சூளையில புகை இல்ல. பீடி பிடிச்சுக்கிட்டுப் போன ஒருத்தரு மெஷினைப் பாத்ததும் பீடியை சட்டைப் பைக்குள்ள போட்டாரு. அப்புறம் குதிச்சாரு.

பதினோரு மணிக்கு ஒரு சாயா குடிக்கலாம்னு முக்குக்குப் போனேன்.

"சாயா இல்ல" அப்படின்னாரு சுகுமாரன் அண்ணன்.

"ஏன் அண்ணே?"

"நீ போயிட்டுப் பின்ன வா. அடுத்த வாரம்."

ஒரு மணிக்கெல்லாம் பசியில கண்ணு இருட்டுச்சு. ஊரையே அணைச்சவனுக்கு யாரு சோறு போடுவா? மாடிப்படியில தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தேன். அக்காவுக்குப் பொறுக்கல.

"வந்த பிள்ளைய பட்டினி போட்டுட்டு எந்தக் காத்த அளக்கப் போறலே? நான் அடுப்பு பத்த வைக்கேன்."

வேண்டாம்னு சொல்லணும். அதுதான் என் கடமை. நானும் வாயைத் திறந்தேன்.

"மரச்சீனியும் நெத்திலியும்" அப்படின்னா அக்கா.

வாயை மூடிட்டேன்.

ஈர ரப்பர் விறகு. அடுப்படிப் புகைக்குழாய் சரியா மெஷினுக்குக் கீழ முடியுது. வெள்ளறடையில அன்னைக்கு எரிஞ்ச ஒரே அடுப்பு அதுதான், அந்தப் புகை மொத்தமும் எங்க மெஷினுக்குள்ளதான். நான் கீழ உக்காந்து மூணாவது தடவை கறி ஊத்தச் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் கண்ணை மூடலாம்னு வராந்தாவுல சாஞ்சேன்.

முழிச்சப்ப மணி நாலு. கரண்டு போய் மெஷின் நின்னு கிடக்குது. மாடிக்கு ஓடினேன்.

பேப்பர் பளிச்சுன்னு இருந்துச்சு! காலையில நான் மாட்டினதை விட வெள்ளை. காத்து எதிர்ப்பக்கம் அடிச்சிருக்கும், கடவுள் காப்பாத்திட்டாருன்னு நினைச்சேன். அவசரமா உறையில போட்டு, மெஷினோட ஒயரை மட்டும் அங்கயே மறந்துட்டு, கடைசி சீட்டுல பாட்டுப் பாடிக்கிட்டே ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலையில சார் பேப்பரைக் கண்ணாடித் தராசுல வெச்சாரு. எடுத்தாரு. துடைச்சாரு. திரும்ப வெச்சாரு.

"ஜெபராஜே, எடை குறைஞ்சிருக்கு."

"நல்ல காத்து சார்."

"எடோ, ஒரு தூசியும் இல்லாட்டியும் பழைய எடை வரணும். இது அதுக்கும் கீழ! வெள்ளறடைக் காத்து நம்ம பேப்பரைத் தின்னுச்சா?" பேப்பரை வெளிச்சத்துல பிடிச்சாரு. "இந்தா, ஒரு நீல நிறம் எந்தா?"

"ஆகாயமா இருக்கும் சார்."

சத்தியமா அப்படித்தான் சொன்னேன்.

சார் பேப்பரை மோந்து பாத்தாரு. முகம் மாறுச்சு. அப்பத்தான் வாசல்ல தங்கபாய் அக்கா, தோள்ல எங்க ஒயரைச் சுத்திப் போட்டுக்கிட்டு நிக்கிறா.

"சாரே, பையன் ஒயர விட்டுட்டு வந்துட்டான். பேப்பரு எப்படி உண்டு? நல்லா வெளுத்துதா?"

"எந்து வெளுத்து?"

"கரியாட்டு கறுத்துக் கெடந்துது சாரே! எங்க வீட்டுக்கு வந்த வெள்ளப் பேப்பரு கரியாட்டு திரும்பிப் போனா எங்களுக்கல்லவா கொறச்சலு? இவன் ஒறங்கிட்டான், கரண்டும் போயிட்டு. நாலு நட்டுதானே, ரப்பர் ரோலர் கழத்துற கையாக்கும் இது. சோப்புத் தண்ணியில பையப் பைய முக்கினேன். ஒரு சொட்டு நீலம் விட்டேன். ஓரம் பிஞ்சு நின்னுது, கத்திரி வெச்சு நேராக்கினேன். வெயில்ல காய வெச்சுத் திரும்ப மாட்டினேன். கெட்டுப் போச்சா சாரே?"

சார் நாற்காலியில உக்காந்தாரு. நான் வாசலைப் பாத்தேன். என் வேலை அதன் வழியா வெளியே போறது கண்ணுக்குத் தெரிஞ்சது.

அக்காவுக்கு ஏதோ சரியில்லைன்னு புரிஞ்சுது. "பையனத் திட்டாதீங்க சாரே. இவன் வந்து ஒரு வார்த்த சொன்னான், ஊரு மொத்தம் தீய அணைச்சாச்சு. சாயாக்கட, பேக்கரி, செங்கச்சூள, எனக்க புகைப்புர. எல்லாம்!"

சார் மெதுவா நிமிந்தாரு. "எல்லாரும் அணைச்சாங்களா?"

"பீடி கூட அணைச்சாங்க சார், சட்டைக்குள்ள" அப்படின்னேன் நான்.

சார் பேப்பரை மேஜையில வெச்சாரு. "ஞான் இத்தன வருஷமாயிட்டு கிளாஸ் எடுக்குன்னு. ஒரு பீடி கூட ஆரும் அணைச்சிட்டில்ல."

வேலை போகல. நீட்டிச்சுக் கொடுத்தாரு. ஃபைல்ல மட்டும் ஒரு வரி எழுதினாரு: இவர் கையில் பேப்பர் கொடுக்க வேண்டாம், வகுப்பு எடுக்க அனுப்பவும்.

அப்புறம் நாலு வருஷம், பாறசாலையிலேருந்து காட்டாக்கடை வரைக்கும், பூமி சூடாகாம காப்பாத்துறது எப்படின்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

இப்போ வெயில் தாங்கலைன்னு நீங்க யாரையாவது திட்டணும்னா, தாராளமா என்னையே திட்டுங்க.