மின்னாத ரத்தம்

"இன்னைக்கும் ஒண்ணுமே மின்னலைங்க," என்றாள் மேல்மாடி சாய அறைப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு வேற ரத்தம் கொண்டு வாங்க."

ஊசிக்காரனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆய்வுக்கூடத்துக் குரங்குகளிடம் ரத்தம் எடுப்பது அவன் வேலை. அதில் சாயம் ஊற்றிக் கருவியில் ஓட்டுவது அவள் வேலை. வந்த கிருமி இன்னதென்று மோப்பம் பிடிக்கும் ஏற்பி ஒன்று வெள்ளையணுவின் மேல் உண்டு. சாயம் அதில் ஒட்டினால் திரையில் பச்சையாக மின்னும். மற்ற குரங்குகளுக்கெல்லாம் ஜோராக மின்னி வேலை முடிந்துவிட்டது. மிச்சம் இந்த ஒரு கிழக்குரங்குதான். இதுவும் முடிந்தால் அவனுக்கு மேல்மாடியில் ஜோலி இல்லை.

அவனுக்கோ இரண்டு பக்கமும் இடி. மின்னினால் நாளை முதல் அவளைப் பார்க்க முடியாது. மின்னாவிட்டால், துப்புக்கெட்டவன் என்று நினைப்பாள். இத்தனை மாதமாக ரத்தத்தைப் பற்றித் தவிர அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் படியேறும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மறுநாள் குழாயைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினான். மின்னவில்லை.

"பயந்தா அப்படித்தான் ஆகும். குரங்கைச் சமாதானப்படுத்துங்க," என்றான் உடன் வேலை பார்ப்பவன்.

கூண்டருகே உட்கார்ந்து பேசினான். அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் குரங்கிடம் சொன்னான். குரங்கு கொட்டாவி விட்டது. அன்றும் மின்னவில்லை.

வேறு வழியில்லாமல் இயக்குநரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அதுதான் அவன் செய்த பெரிய மடத்தனம்.

"ஏற்பியே இல்லாத குரங்கா!" இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "உலகத்துலயே இப்படி ஒண்ணு கிடையாதுய்யா!"

"சார், நான் ரத்தம் எடுத்ததுலதான் ஏதோ கோளாறு…"

"உன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்யா! நாளைக்கே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன்."

ஊசிக்காரன் வெளியே வந்தான். நாளை குட்டு வெளிப்பட்டால் ஊரே சிரிக்கும். பழி அவள் தலையிலும் விழும். அதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தப்பு முழுவதும் தன்னுடையது என்று அவளிடம் ஒப்புக்கொள்வது, அந்தச் சாக்கில் மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

அவள் நாற்காலி காலியாக இருந்தது. தரை துடைக்கும் அம்மா மட்டும் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அவங்க எங்கம்மா?"

"இப்பத்தான் லிஃப்ட்ல இறங்கினாங்க. பத்திரிகைக்காரங்க வர்றாங்கன்னு போன் வந்ததும், இயக்குநர்கிட்ட உண்மையைச் சொல்லணும்னு அழுதுக்கிட்டே போறாங்க."

"அவங்க எதுக்கு அழணும்? தப்பெல்லாம் நான் கொண்டு வந்த ரத்தத்துலதானே!"

"ரத்தத்துல என்ன தம்பி தப்பு? அந்தப் பொண்ணு சாயமே ஊத்தலை. ஊத்தினா மின்னிடுமாம், மின்னிட்டா மறுநாள் நீங்க வர மாட்டீங்களாம்."