பத்தாவது நிமிடத்தில் கொலைகாரனைக் கண்டுபிடிப்பவர்

உயிரினங்களில் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது, கவனித்தீர்களா? தொடர் கொலைகாரன் படங்களாகப் பார்த்தே மனோதத்துவ நிபுணர் ஆனவர். பட்டம் கிடையாது, படிப்பு கிடையாது. ஒரு சோபாவும் ரிமோட்டும் போதும்.

பத்தாவது நிமிடத்தில் படத்தை நிறுத்திவிடுவார். கொலைகாரன் ஏன் கையை இரண்டு தரம் கழுவினான், சின்ன வயதில் அவனை யார் இருட்டறையில் போட்டுப் பூட்டினார்கள், அதனால் அவன் மனசு எந்த இடத்தில் கோணிப்போனது என்றெல்லாம், கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கிவிட்டுத்தான் மறுபடி ஓடவிடுவார். கடைசியில் கொலைகாரன் வேறு ஆள் என்று தெரியவரும். அசருவாரா? இயக்குநருக்கு மனசைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றுவிடுவார்.

படத்தோடு நின்றால் யாருக்கும் தொல்லையில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் கூரியர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். பார்சல் ஒட்டியிருக்கும் விதத்தை வைத்தே அனுப்பியவரின் குணத்தைச் சொல்லுபவர். அவருடைய மகள், தான் கட்டிக்கொள்ள நினைத்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துவந்தாள். வந்தவன் செருப்பை ஜோடி சேர்த்து நேராக வைத்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. போதாக்குறைக்கு, வாழைப்பழத்தைப் போய்க் கத்தி கேட்டு வாங்கி, பொடிப்பொடியாக நறுக்கித் தின்றான்.

நம்மவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் படியிறங்கியதும் மகளை உட்காரவைத்து, இவன் அந்த ரகம்தான், இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று தீர்ப்புச் சொன்னார்.

“நேத்துதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்காருப்பா. வாயைத் திறந்தா வலிக்குது.”

“வலியை மறைக்கிறான் பாத்தியா? அதுதான் முதல் அறிகுறி.”

மகள் எழுந்துகொண்டாள்.

“இவரைப் பத்தி உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எட்டு மாசமா சரியாச் சாப்பிடாம இருந்தேன். அதைக் கண்டுபிடிச்சீங்களாப்பா?”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது மாதமே தான் கேட்டுத் தெரிந்துகொண்டதாக அவள் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. அவர் சம்மதித்ததால் அல்ல. மகள் அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை. எனக்கு அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு இந்நேரம் உங்கள் மச்சான் முகம் ஞாபகம் வந்திருக்கும். நூற்றுக்கு நூறு அவரேதான் என்று அடித்துச் சொல்வீர்கள். ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு மனுஷனையே கணித்துவிட்டீர்களே, கெட்டிக்காரர்தான். அதிருக்கட்டும், உங்கள் வீட்டில் உங்களிடம் யாராவது மனசுவிட்டுப் பேசி எத்தனை நாளாகிறது?