பென் டிரைவுக்கு அழாத ஊர்

ராயப்பராஜின் அடக்கப் பூசையில் ஒருவர்கூட அழவில்லை. அவருடைய மனைவியே கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற மிக்கேல்ராஜ் வரிசை வரிசையாக முகங்களைத் துழாவினார். முப்பது வருடமாகக் கோயிலின் பழைய கால் ஆர்மோனியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மிதித்து வாசித்து, செத்தவர்களுக்கெல்லாம் அழுகை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆகாத மாமியார் செத்தால்கூட மருமகள்கள் முன்வரிசையில் தேம்புவார்கள். தன் அடக்கத்துக்கு யார் வாசிப்பது என்ற கவலையில்தான் ஆர்மோனியப் பெட்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிப்போய், வத்தலக்குண்டு ரோட்டு ஸ்டுடியோவில் தன் வாசிப்பைப் பதிவு செய்து பென் டிரைவில் வாங்கியிருந்தார். இன்று அதற்கு வெள்ளோட்டம்.

"என்னய்யா பதிவு பண்ணுன? அம்புட்டுப் பேரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி உக்காந்திருக்காக!" என்று பூசை முடிந்ததும் ஸ்டுடியோவுக்கே போய், ஸ்டுடியோக்கார சந்தோஷ்குமார் மேல் பாய்ந்தார்.

"பெடல் சத்தத்தையெல்லாம் எடுத்துட்டுச் சுத்தமாக் குடுத்தேனே சார்."

"உசுரே அதுலதான்யா இருக்கு! அந்தச் சத்தத்தைத் திரும்பப் போடு."

போட்டார். அடுத்த சாவில், யாருடைய நாற்காலி கிறீச்சிடுகிறது என்று எல்லாரும் குனிந்து தேடினார்கள்.

எதிரொலி சேர்த்தார்கள். அதற்கடுத்த சாவில் ஒரு குழந்தை, "அம்மா, பேய் எப்ப வரும்?" என்றது. செத்தவரின் தம்பியே சிரித்துவிட்டார்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டா உனக்கு என்னய்யா தெரியும்? கோயிலுக்கு வா!"

சந்தோஷ்குமாரை இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்து, கண்ணை மூடி மிதித்தார் மிக்கேல்ராஜ். பெட்டி முன்வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இரண்டாவது நிமிடம் ஒரு விசும்பல். கண்ணும் மூக்கும் ஒழுக, சந்தோஷ்குமார் கைக்குட்டைக்காகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா! இது ஒயருக்குள்ள போகாதுய்யா." மிக்கேல்ராஜ் பெட்டி மேல் சாய்ந்தார். "ஊரையே அழ வச்சேன். என் அடக்கத்துக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் கெடையாது."

பீடத்தருகே கூட்டிக்கொண்டிருந்த கோயில் வேலைக்காரி பேச்சாயி, விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

"அதுக்கு ஏய்யா கலங்குறீக? எலி துருத்தித் தோலைக் கடிக்கக்கூடாதுன்னு அந்தப் பெட்டிக்குள்ள மாசாமாசம் மொளகாப்பொடி தூவுறது நாந்தானே. நீங்க போற அன்னைக்கு ரெண்டு கரண்டி கூடப் போட்டு, நானே உக்காந்து மிதிக்கிறேன்."