நூடுல்ஸ் விஷயமாக வர வேண்டாம், சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், என் நாக்கு ஒன்றைத் தவிர. அங்கே தங்கள் நலத்தையும் சம்பந்தி அம்மாளின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

நேற்று தாங்கள் போனில், "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்ப அழைத்தால் எடுக்கவும் இல்லை. அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியைக் கொரிய நூடுல்ஸ் கொடுத்தே வதைக்கிறோம் என்று யாரோ தங்கள் காதில் ஓதியிருக்கிறார்கள். எனக்கு எதிர்வீட்டுத் தையற்காரம்மாள் மேல்தான் சந்தேகம். அவர் மெஷினுக்கு நேர் எதிரே எங்கள் சமையலறை ஜன்னல். யார் சொன்னால் என்ன, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் மருமகள் கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கதாநாயகி அழுதுகொண்டே ஒரு சட்டி சிவப்பு நூடுல்ஸை உறிஞ்சினாள். இவளும் அழுதுகொண்டே, "மாமா, எனக்கு அது வேணும்" என்றாள். கதைக்காக அழுதாளா, நூடுல்ஸுக்காக அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கள் மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டான். பாக்கெட்டின் மேல் நெருப்புப் படம். நானோ தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நெருப்புப் படம் போட்ட எதையும் என் கையெழுத்து இல்லாமல் உள்ளே விட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதைச் சோதிக்காமல் கொடுக்கலாமா? கொண்டா இங்கே என்று வாங்கி, "பாதி போதும் மாமா, பாதி போதும்" என்று அவள் கத்தக் கத்த, பாக்கெட்டில் இருந்த சிவப்பு மசாலாச் சாந்து முழுவதையும் வெந்த நூடுல்ஸில் பிழிந்து கிளறி, ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது வாயில் காது அடைத்துவிட்டது, சம்பந்தி. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், தண்ணீர் குடித்தால் இன்னும் எரிகிறது, என் வீட்டுக்காரி செய்தித்தாளால் விசிறுகிறாள், என் மகன் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து, "சந்தோஷமா சாப்பிடுங்கன்னு போட்டிருக்குப்பா" என்கிறான்.

அன்று மருமகளுக்குப் பரிசோதனை நாள். டாக்ஸி வாசலில் நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னையும் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். பிரசவ மருத்துவமனைக்குள் மருமகள் என்னைக் கைத்தாங்கலாக நடத்திப் போனாள். நர்சம்மா எழுதிக்கொண்டிருந்த அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எத்தனாவது மாசம்?" என்றார். "ரிட்டயர் ஆகிப் பதினாலாவது மாசம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு எனக்கு எடையும் பார்த்துவிட்டார்.

நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு மருமகளிடம், "காரம் குழந்தைகிட்டெல்லாம் போகாதும்மா. உனக்குத்தான் நெஞ்சு எரியும். எனக்குக் கவலை இதுல இருக்கிற உப்புதான். உன் பிரஷர் நல்லா இருக்கு, அதனால மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை சாப்பிடு. மசாலா பாதிக்கு மேல வேண்டாம். முட்டையை நல்லா வேக வெச்சுக்கோ, காய் சேத்துக்கோ. பகல்ல சாப்பிடு, சாப்பிட்ட உடனே படுக்காதே. எரிஞ்சா நிறுத்திடு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க தொடவே கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடுகளைக் கேட்டால் தங்களுக்கே கண் கலங்கும். நூடுல்ஸ் என்றால் மாதத்தில் இரண்டே தடவை, அதுவும் புதன்கிழமை மதியம். சாந்தைப் பாதி பிழிந்து மீதியைக் குப்பையில் போட்டு மூடுவது என் பொறுப்பு. முட்டை என் வீட்டுக்காரியின் பொறுப்பு. வெந்ததோ வேகவில்லையோ என்று மறுபடி மறுபடி வேக வைப்பதில் அது கீழே விழுந்தால் எகிறுகிறது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று கொட்டியதில் போன தடவை நூடுல்ஸைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மகன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவள் இடது கையில் பிரஷர் கருவியைக் கட்டுகிறான். எதிரே என் வீட்டுக்காரி பால் டம்ளரோடு, பக்கத்தில் நான் ஈரத் துண்டோடு. ஒவ்வொரு வாய்க்கும் "எரியுதாம்மா?" என்று கேட்டு, இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டதும் அவள் படுத்துவிடாதபடி மூன்று பேரும் கூடவே கூடத்தில் நடக்கிறோம். எங்கள் தொழிற்சாலை பாய்லருக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு இருந்ததில்லை.

சம்பந்தி, மனம் விட்டு எழுதுகிறேன். அவள் வருவதற்கு முன்னால் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு அறையில் கிடந்தோம். இப்போது ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பாஷை புரியாத தொடரைப் பார்த்துச் சேர்ந்து அழுகிறோம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளாது. இதை அவளிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். அவளை அழைத்துப் போகாதீர்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வீட்டைவிட்டு நகராமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையில் எழுதத் தங்கள் கதவு எண்ணைக் கேட்கப் போனேன். மருமகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள், கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் உண்மையைச் சொன்னாள். தையற்காரம்மாள் ஒரு பாவமும் அறியாதவர். தங்களை வரச் சொன்னதே இவள்தானாம்.

"நூடுல்ஸ்ல ஒரு பிரச்னையும் இல்ல மாமா. நீங்க மூணு பேரும் சுத்தி நின்னு என் வாயையே பாத்தா நான் எப்படி முழுங்கறது? ஒரே ஒரு தட்டு. நான் மட்டும். யாரும் எரியுதான்னு கேக்கக் கூடாது. அதுக்குத்தான் அப்பாவை வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னேன்."

"அப்போ நீ போயே ஆகணுமா?"

"நான்தான் போகணும்னு இல்ல மாமா. யாராவது போனா சரி."

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். நானும் என் வீட்டுக்காரியும் தங்களோடு கிளம்பப் பெட்டியோடு வாசலில் நிற்போம். மகன் அவளுக்குத் துணையாக இங்கேயே இருப்பான், சமையலறைக்குள் வரமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். புதன்கிழமை மதியம் தாண்டும் வரைக்கும், நான் என்ன சாக்குச் சொன்னாலும் சரி, அழுதாலும் சரி, எங்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.